அம்மா வந்துபோன மரம்

எங்கள் வீட்டுக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. செஞ்சியில் யாருடைய வீட்டுக்கும் எதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கத்தான் செய்யும். எதிரி நுழையக் கூடாதென்று பார்த்துப் பார்த்து இடம் பிடித்த ராஜாக்கள், பிற்காலத்தில் வீட்டுக்குள் போனுக்கு டவர் கிடைக்காமல் ஒரு பெண்பிள்ளை திண்டாடுவாள் என்று யோசித்திருக்க நியாயமில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, அவள் முகத்தைப் பார்க்க நானும் நைனாவும் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

ஏரி என்பது பேருக்குத்தான். தண்ணீர் நிற்க வேண்டிய இடமெல்லாம் சீமைக் கருவேலம் நின்றது. கரையோரமாக, அந்தக் கூட்டத்துக்கே மூத்ததாக ஒரு மரம். அதில் நைனாவின் மார்பு உயரத்துக்கு ஒரு கவட்டை இருந்தது. போனை அதில் சொருகி வைத்துவிட்டு நைனா குனிந்து நின்றால், அவர் முகமும் என் முகமும் ஒன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை குவைத் வீட்டுக்காரர்கள் வெளியே கிளம்பியதும், அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் சுற்றிய துணியோடு வீடியோ காலில் வருவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். தலை ஏன் இப்படி இருக்கிறது என்பாள். பிறகு மலையைக் காட்டச் சொல்வாள். நைனா போனை எடுத்து ராஜகிரிப் பக்கம் திருப்பிப் பிடிப்பார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த மலைமேல் பொறாமையாக இருக்கும்.

என் முறை முடிந்ததும், போய்க் கொக்கு பார்த்துவிட்டு வா என்று நைனா அனுப்பிவிடுவார். தண்ணீர் இல்லாத ஏரியில் கொக்குக்கு என்ன வேலை? ஆனாலும் போவேன். அவர்கள் என் படிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு அவ்வளவு திடமான நம்பிக்கை.

மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்து, காலி வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். பதில் வராது என்று தெரியும். சொல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

அந்த வருடம்தான் ஏரியைச் சுத்தம் செய்ய ஒரு குழு கிளம்பியது. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், காலேஜ் பையன்கள், மளிகைக் கடைக்காரர், டீக்கடை பாய் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. பாய் கொண்டுவரும் டீயும், யார் வீட்டிலிருந்தாவது வரும் தக்காளி சாதமும்தான். நைனா குட்டியானை லோடு வண்டி ஓட்டுபவர். கடப்பாரையும் மண்வெட்டியும் ஏற்றிவரப் போனவர், சில வாரங்களிலேயே அவர் இல்லாமல் வேலை ஆரம்பிக்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கரைமேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருப்பேன்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் அது சாகாது. அடிக்கட்டையை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குப் பல கிளையாகத் துளிர்த்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் கிளையைக் கழித்து, சுற்றிலும் தோண்டி, வேரில் வடக்கயிறு கட்டி, குட்டியானையை முன்னால் விட்டு இழுப்பார்கள். வேர் மண்ணோடு பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்ததும் பையன்கள் கைதட்டுவார்கள். நைனா மட்டும் கைதட்டமாட்டார். குழிக்குள் இறங்கி, அறுந்து நிற்கும் வேர்த்துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். "வேரு வந்தாதான் மரம் போச்சின்னு அர்த்தம்" என்பது அவருடைய வாக்கு. வாத்தியாரே அதைக் கூட்டத்தில் திருப்பிச் சொல்லுவார்.

ஒருநாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து, வெயிலுக்கு ஆடு ஒதுங்க ஒரே ஒரு மரத்தை விட்டுவைக்கும்படி கேட்டார். மற்றவர்கள் தயங்கி நின்றபோது நைனாதான் முந்திக்கொண்டார். "ஒண்ண உட்டா ஏரி பூரா அதான் நிக்கும், அண்ணே. ஆளாளுக்கு ஒண்ணு கேட்டா நாங்க இன்னா பண்றது?" என்றார். அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் கரையோரத்துப் பெரிய மரம் மட்டும் மிஞ்சியது. அது கடப்பாரைக்கு மசியாது, அடுத்த ஞாயிறு ஜேசிபி வரும் என்று வாத்தியார் அறிவித்தார். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். எடுத்துடலாம் சார் என்று நைனா சொன்னார். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன்.

"நைனா, அந்த மரத்த எடுத்துட்டா அம்மா எங்க வரும்?"

"அம்மா போன்ல வருது. மரத்துலயா வருது?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் குவைத்துக்குப் போன பிறகு அவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தக் கவட்டை போய்விட்டால், வழி தெரியாமல் அம்மா எங்காவது நின்றுவிடுவாள் என்றே தோன்றியது. அந்த வெள்ளிக்கிழமை இதை அவளிடம் அழுதுகொண்டே சொன்னேன். ஏரியில் தண்ணீர் வருவது நல்லதுதானே என்றாள் அம்மா. பிறகு, அந்த மரத்தை ஒருமுறை முழுதாகக் காட்டுங்கள் என்று நைனாவிடம் கேட்டாள். அவர் போனை எடுத்துக்கொண்டு கரையில் பின்பக்கமாகவே நடந்து நடந்து போய்க் காட்டினார். மலையைக் காட்டச் சொல்ல அன்றைக்கு மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசிபிக்குப் பின்னாலேயே நாங்களும் போய்ச் சேர்ந்தோம். மரத்தின் முன்னால் கூட்டம். அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம், செருகிய வேப்பிலை, கீழே பிழிந்து போட்ட எலுமிச்சம்பழம். ஜேசிபி டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

"சாமி மரத்துல நான் பக்கெட் வைக்கமாட்டேன், சார். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

நேற்றுவரை இது சாமி மரமில்லை என்று வாத்தியார் பொறுமையாக வாதாடினார். அதற்குள் மளிகைக் கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். பையன்களில் ஒருவன் எங்கிருந்தோ சூடம் வாங்கிவந்து ஏற்றினான். சாமியாகவே இல்லாவிட்டாலும் சந்தேகத்துக்கு இடமிருக்கும்போது வம்பு எதற்கு என்று கூட்டம் முடிவு செய்தது. எல்லோரையும் விட நைனாதான் அதிக நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆடு மேய்க்கிறவர் கரைமேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மனே வந்து கேட்டாதான் உடுவீங்க போல" என்றார்.

நைனா கடப்பாரைகளை வண்டியில் ஏற்றினார்.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அந்தத் துணியின் ஓரத்தில் பச்சைக் கரை இருந்தது. அது அம்மாவின் புடவை. பீரோவில் அம்மாவின் தட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. அவள் போனதிலிருந்து அந்தத் தட்டை நைனா திறந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் புடவையை அம்மாவைத் தவிர யார் எடுப்பார்கள்? அவள் வந்திருக்கிறாள். மரத்தைக் காப்பாற்றிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே திரும்பிப் போயிருக்கிறாள். வாரம் முழுக்க இதை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. காலி வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கவட்டையில் அம்மா முகம் வந்ததும், வந்தும் என்னை ஏன் பார்க்காமல் போனாய் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. மஞ்சள் புடவை, பச்சைக் கரை, மரத்தில் கட்டியிருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நைனா முகம் தெரியும் இடத்தைப் பார்த்தாள். நைனா குனிந்து கால்விரலில் முள் குத்தியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது அம்மாவின் கண் நிறைந்திருந்தது.

"ஆமாம்மா, வந்தேன். நீ தூங்கினு இருந்த."

"ஏன் எழுப்பல?"

"எழுப்புனா நீ போவ உடமாட்டியே, பாப்பா."

அது நியாயமாகத்தான் இருந்தது. அவளை மன்னித்தேன்.

பல வருடம் கழித்து, பீரோவை ஒழித்தபோது அந்தப் புடவையின் மிச்சம் கிடைத்தது. நேராகக் கிழிக்க வராமல், இழுத்த இழுப்புக்குக் கோணலாகப் போயிருந்தது. வடக்கயிறு பிடித்துப் பழகிய நைனாவின் கை. பத்தடி தள்ளி நின்றாலும் அதே டவர், அதே அம்மா வந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியாததா? அவர்தானே எனக்குச் சொன்னார்? ஏரியில் நின்ற அத்தனை மரத்தையும் வேரோடு பிடுங்கியவருக்கு, இது ஒன்றை விட்டுவிடுங்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்க வாய் வரவில்லை. அம்மனைப் பேச வைத்துவிட்டார். அந்த மரத்தடியில் வருடாவருடம் முளைத்த கன்றுகளை, வெள்ளிக்கிழமை போன் வருவதற்கு முன்னால் அவரே குனிந்து வேரோடு பிடுங்குவார்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வழக்கம்போலக் கொக்கு பார்க்கப் போகச் சொன்னார், போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். வீடியோ கால் எப்போதோ முடிந்திருந்தது. போன் கறுத்துக் கிடந்தது. நைனா இரண்டு கையாலும் அந்தக் கவட்டையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றார். டவர் போய்விட்டது, மறுபடி வரட்டும் என்று காத்திருக்கிறார் போல என்று நினைத்து, நானும் சத்தம் போடாமல் கரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.