விலக நேரம் இருந்தது

பேஸ்பாலில் எறிபவரின் பந்து மட்டை பிடித்து நிற்பவரின் உடம்பில் பட்டால் அவருக்கு முதல் பேஸ், அதாவது ஓடிப்போய்ச் சேரவேண்டிய முதல் தளம், சும்மா கிடைக்கும். எல்லோருக்கும் இவ்வளவுதான் தெரியும். மீதி விதியை ஒருவரும் வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். அதனால்தான் இந்தச் சண்டையே வந்தது.

மீதி இதுதான். அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்து பட்டால் பேஸ் கிடையாது, அது ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவர் அவுட். மட்டையை வீசும்போது பட்டாலும் ஸ்ட்ரைக். எல்லைக்கு வெளியே வந்த பந்து பட்டாலும், விலக நேரம் இருந்தும் விலகாமல் நின்றால் பேஸ் கிடையாது. அது வெறும் தவறான எறி. அப்படி நான்கு சேர்ந்தால்தான் முதல் பேஸுக்கு நடக்கலாம். விலக நேரம் இருந்ததா இல்லையா என்பதை நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். புத்தகம் அதற்கு மேல் உதவாது.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். கதவைச் சாத்தி சில்லு உருண்டுவிட்டால் யார் ஓடிவந்து தட்டினாலும் திறக்கமாட்டேன். நாங்கள் குடியிருக்கும் அம்மருட்டில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. குரோருட் பக்கத்துத் திடல் ஒன்றில் கோடை ஞாயிறுகளில் நாலைந்து குழுக்கள் தங்களுக்குள் பேஸ்பால் விளையாடும். நடுவராக நிற்க ஒருவரும் வரவில்லை. சம்பளம் இல்லை, திட்டு மட்டும் கிடைக்கும். அது எனக்குப் பழக்கம்தானே என்று நான் போனேன்.

அதில் ஒரு குழு என் கணவருடையது. பாதிப் பேர் யாழ்ப்பாணத்தார், பாதிப் பேர் கணினி வேலைக்கு வந்த தமிழ்நாட்டார். எல்லோரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். அதுதான் அவர்களுடைய நோய். தோல் பந்து விலாவுக்கு நேரே எழும்பி வந்தால் விலகமாட்டார்கள். மட்டையை இறக்கிவிட்டு உடம்பில் வாங்குவார்கள். பிறகு சட்டையைத் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். கலியாணம் முடித்த கிழமை என் கணவர் எனக்குப் பெருமையாகக் காட்டிய முதல் சொத்து விலாவில் இருந்த ஒரு தழும்பு.

அந்தக் கோடையில் அவர்கள் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. கடைசி ஆட்டம் நோர்வேக்காரர் குழுவோடு. தொடங்குவதற்கு முன் எதிர்க்குழுத் தலைவரிடம் போய், எதிரே ஆடும் குழுவில் ஒருவர் என் கணவர் என்று சொன்னேன். வேறு நடுவர் வேண்டுமானால் தேடலாம் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். "கண்ணால் கண்டதைச் சொல்லு, போதும்" என்றார். திடலில் தமிழில் ஏதாவது கதைத்தால் உடனே நோர்வேஜிய மொழியிலும் சொல்லுவேன் என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன்.

கடைசி இன்னிங்ஸ், நோர்வேக்காரரின் முறை முடிந்துவிட்டது. புள்ளிகள் சமன். கணவரின் குழுவில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் அவர்களுடைய முறையும் முடியும். மூன்று பேஸிலும் கணவரின் ஆட்கள் நிற்கிறார்கள். மட்டையோடு கணவர், இரண்டு ஸ்ட்ரைக் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அவருக்கு முதல் பேஸ் கிடைத்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாவதில் நிற்பவர் தொடங்கிய இடத்துக்கு வந்து புள்ளி எடுப்பார், ஆட்டம் முடிந்தது. வெற்றி.

பந்து எல்லைக்கு வெளியே, அவர் பக்கமாக வந்தது. பெரிய வேகம் இல்லை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தொடையில் தொப்பென்று பட்டது.

அவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். மூன்றாவதில் நின்ற சென்னைப் பொடியன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். நான் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். தவறான எறி, பேஸ் இல்லை, எல்லோரும் பழைய இடத்துக்குப் போங்கள் என்றேன்.

"என்னக்கா இது? கண்ணு முன்னாடி பட்டுச்சு! சத்தம் கூடவா கேக்கல?" என்றான் சென்னைக்காரன்.

"கேட்டது. நீர் மூண்டாம் பேஸுக்குப் போம், தம்பி."

"வீட்டுச் சண்டைய வீட்லயே வச்சுக்கோங்கக்கா!"

அவனுடைய குழுவே சிரித்துவிட்டது. வாக்குக் கொடுத்தபடி அதையும் நோர்வேஜிய மொழியில் எதிர்க்குழுத் தலைவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கணவர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். "இஞ்சேரும், பந்து பட்டது."

"ஓம், பட்டது. நீங்கள் விலகேல்லை."

"விலக எங்கை நேரம்?"

"இருந்தது."

"உமக்கு எப்பிடித் தெரியும்? பட்டது உம்மட தொடையிலையே?"

வேறு ஆளாக இருந்தால் பந்தையும் காலையும் மட்டும் பார்த்திருப்பேன். இவர் விலகமாட்டார் என்பது பந்து வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்படியானால் நான் கண்டதைச் சொன்னேனா, தெரிந்ததைச் சொன்னேனா?

"போய் நில்லுங்கோ" என்றேன். "ஆட்டம் முடியேல்லை."

அடுத்த பந்துக்கு மட்டையை வீசினார். பந்தில் படவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். ஆட்டம் மேலதிக இன்னிங்ஸுக்குப் போய், அதில் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்தோம். அவர் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து காற்சட்டையைச் சுருட்டினார். தொடை நீலமாகக் கண்டிப்போயிருந்தது, பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அவ்வளவு ஆக்களுக்கு முன்னாலை என்னைப் பொய்க்காரன் ஆக்கிப்போட்டீர். எனக்கு நேரம் இருக்கேல்லை" என்றார்.

அவர் சொல்வது உண்மையானால், ஒரு குழுவின் ஒரேயொரு வெற்றியை நான் பிடுங்கிவிட்டேன். தொடைக்கு வைப்பதற்கு பிரீசரைத் திறந்து பச்சைப் பட்டாணிப் பையை எடுத்தேன். அவருக்கும் எனக்கும் இடையில் மூன்று எட்டு வைக்கும் தூரம் இருக்கும். பையை அவர் நெஞ்சுக்கு நேரே எறிந்தேன்.

மனிதர் கதிரையோடு ஒரு பக்கம் சாய்ந்தார். பை சுவரில் அடித்து வெடித்தது. பட்டாணி அடுப்புக்குக் கீழே வரை உருண்டது.

அவர் கதிரையை நேராக்கினார்.

"இது வேறை" என்றார். "இது பட்டாணி."

"ஓம். பந்தைவிடக் கிட்டத்திலை இருந்து வந்த பட்டாணி."

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு என்னைப் பாராமலே சொன்னார்: "நேரம் இருந்தது. ஆனா விலகினா ஆக்கள் என்ன சொல்லுவாங்கள்?"

"அதை எனக்கு ஏன் சொல்லுறியள்? உங்கடை ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

சொல்லமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் தொலைபேசியை எடுத்து முதலில் சென்னைக்காரனைத்தான் அழைத்தார். "தம்பி, உண்மையைச் சொல்லோணும். விலக நேரம் இருந்தது." அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "அண்ணே, இத கிரவுண்ட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! நான் போய் அக்காவத் திட்டிட்டு வந்திருக்கேன்!"

அடுத்த கோடையில் என் கணவரின் ஆட்டங்களுக்கு மட்டும் நான் நடுவராக நிற்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். அன்றைக்கு என் தீர்ப்பு சரிதான். ஆனால் அதைப் பந்து படுவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். நடுவருக்கு அது சரிவராது.