பேக்கப்பில் இருந்த பொட்டு

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடும்போதுகூட அரை மனதோடுதான் நிற்பேன். அதனால் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு டிசைனர் வேலை. ஆடிப் பதினெட்டு அன்று பூசை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது இங்கே வழக்கம்; அதைப் பார்த்துத்தான் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்து நான் செய்த முதல் பெரிய வேலை, குழந்தைப் படம் போட்ட பன்னிரண்டு தாள் காலண்டர். அது சரியாக வராவிட்டால், கைப்பிள்ளைக்காரியை நம்பினால் இப்படித்தான் என்று சொல்லி என்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

முதலாளி அண்ணாச்சி முன்பு பட்டாசுக் கம்பெனி நடத்தியவர். மருந்தை ஒரே அறையில் குவிக்கக் கூடாது என்ற பழக்கத்தில், பேக்கப் டிஸ்க்கும் அச்சகத்துக்குள் தங்கக் கூடாது என்பார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அந்த வார வேலையை அதில் நகலெடுத்து, டிஸ்க்கை என் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு தாளையும் முடித்திருந்தேன். மதியம், பைண்டிங் பிரிவு முத்துமாரி அக்கா என் திரையை எட்டிப் பார்த்தார். ஜனவரித் தாளில் ஒரு குழந்தை பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா, இம்புட்டு அழகா இருக்கே, கன்னத்துல ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?"

"அது படம்க்கா."

"படம்னா கண்ணு படாதோ? ஒம்புள்ளைக்கே வைக்க மாட்டே, படத்துக்கா வைக்கப் போறே!"

சிரித்துவிட்டேன். சற்று நேரத்தில் வீட்டிலிருந்து போன், காய்ச்சலில் என் மகளுக்குக் கண் சொருகுகிறது என்று. போட்டது போட்டபடி ஓடினேன். பேக்கப் எடுக்கவில்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை. டிஸ்க் காலையிலிருந்து பையை விட்டு வெளியே வரவே இல்லை, அந்தப் பை விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை, ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள், நான் வந்தபோது என் கம்ப்யூட்டர் செத்திருந்தது. பூசைக்காக மிஷின்களைத் துடைத்த முத்துமாரி அக்கா அதையும் விட்டுவைக்கவில்லை.

"எல்லா மிசினையும் தொடச்சுச் சந்தனம் வச்சேன், இதுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணலாமா? ரெண்டு சொட்டுத் தண்ணி உள்ள போயிருக்கும் அண்ணாச்சி."

"ரெண்டு சொட்டா? குளிப்பாட்டித் தலை தொவட்டி விட்டிருக்கே!" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சரி போகட்டும். ஒங்கிட்ட டிஸ்க்கு இருக்குல்லம்மா? நாளைக்குக் காலையில ஏஜெண்டுக வந்துருவாக."

டிஸ்க் இருக்கிறது, அதில் போன வார வேலை இல்லை என்பதைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவருடைய பழைய லேப்டாப்பில் அதைச் செருகினேன். பல வருடத்துக் கோப்புகள், போல்டரைத் திறந்தால் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. கல்லூரியில் பழகிய அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, கடைசி ஒரு வாரத்தில் மாறிய கோப்புகளை மட்டும் தேடி நகலெடுக்கும் கட்டளையை அடித்தேன். முதலில் நகலெடுக்காமல் பெயரையும் நேரத்தையும் மட்டும் காட்டு என்று ஓர் எழுத்தையும் சேர்த்தேன். காஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். ஒன்றும் வராது, அந்த வெறும் திரையைக் காட்டியே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், வரிசையாக வந்தன. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டும். ஒவ்வொன்றுக்கு நேரேயும் அதே வெள்ளிக்கிழமை, அதே விளக்கு வைக்கிற நேரம்.

எங்கிருந்து எங்கே என்பதை மாற்றி அடித்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பப் பார்த்து, அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன். எல்லாம் லேப்டாப்புக்கு வந்தன, எல்லாம் திறந்தன. ஜனவரித் தாளைத் திறந்தபோதுதான் அதைக் கவனித்தேன். குழந்தையின் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

"அக்கா, நீங்களா வச்சீங்க?"

"எனக்கு அந்த எலியப் பிடிக்கவே தெரியாது தாயி!"

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, பொட்டு வச்சதும் நம்ம வீட்டுப் புள்ள மாதிரில்ல இருக்கு! அழிச்சிராதம்மா."

அன்று இரவே அச்சடித்தோம்; மறுநாள் பூசையில் ஆல்பத்தில் அதுதான் மேலே இருந்தது. ஏஜெண்டுகள் அதிகம் கேட்டதும் அந்தக் காலண்டரைத்தான். அடுத்த வருட டிசைனும் என் பொறுப்பு என்று அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பதற்றத்தில் பேக்கப் எடுத்துவிட்டு மறந்திருப்பாய் என்று என் கணவர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பொட்டை ஒருநாள் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வரைந்த வட்டம் இல்லை, மையைத் தொட்டு விரலால் வைத்தது. நடுவில் ரேகைகள் தெரிகின்றன.

இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும் முன் என் மகளின் கன்னத்தில் ஆள்காட்டி விரலால் மை தொட்டு வைக்கிறேன். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். காலண்டர் எங்கள் கூடத்தில்தான் தொங்குகிறது. அதற்கு முன்னால் நின்றுதான் விரலைத் துடைக்கிறேன், விரலில் உள்ள ரேகையைப் பார்க்காமலே.