பூனைக்காலும் பச்சை வெளிச்சமும்

பூனைக்கால் என்று பட்டப்பெயர் வாங்கிய மூன்றாம் மாடிக்காரி யாருடைய ரத்தத்தைப் பார்த்தாலும் அந்த ஆள் ஒரு மாதம் தாங்கமாட்டான் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. அவளைக் கண்டதும் வாட்ச்மேன் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொள்வான். பேச்சு கிடக்கட்டும், நடந்தது வேறு.

அவளுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஜன்னலில்லாத இருட்டறை. நகத்தளவு கண்ணாடிச் சில்லு, அதற்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த துகள்கள் அதில் வரிசையாக ஊர்ந்து வரும். சாயம் கலந்திருப்பதால் நோய்த்துகள் மட்டும் மினுங்கும். மினுங்கியதைப் பச்சை வெளிச்சம் தொட்டு இடப்பக்கம் தள்ளிவிடும். கை படாமல், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, அது மட்டும் வரிசையை விட்டு விலகிப்போகும். நல்ல ரத்தத்தில் எப்போதாவது ஒன்று விலகும், அவ்வளவுதான். ஆனால் அங்கே வந்து சேர்வதெல்லாம் முற்றிப்போன கேஸ்கள்.

காலடி அதிர்ந்தாலே வரிசை கலைந்துவிடும் என்று வெறுங்காலில் பஞ்சு மாதிரி நடந்து பழகிவிட்டாள். கடையில் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "தள்ளிக்கங்க" என்பாள். பால் பாக்கெட்டைக் கீழே போடாத ஆள் கிடையாது. துகள்களிடமும் அதே வாய்தான்: "தள்ளிக்கடி. ஒட்டிக்கிட்டு வராத."

அவளுடைய மூத்த நாத்தனாருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் ரத்தம் கேட்டதும் பூனைக்காலைப் பார்த்துக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எவ கண்ணுல வேணா படட்டும், உன் கண்ணுல படக்கூடாது. எம் பொண்ணு இன்னும் படிச்சே முடிக்கல."

பூனைக்கால் வாதாடவில்லை. நாத்தனாரை இருட்டறைக்கே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பயம் தெளியட்டும் என்று தன் ரத்தத்தையே எடுத்து, சாயம் கலந்து, சில்லில் ஓட்டினாள்.

திரையில் ஒரு துகள் விலகியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு சாரைசாரையாக இடப்பக்கம் திரும்பின.

வேறு சில்லு மாட்டி மறுபடி ஓட்டினாள். அதே இடப்பக்கம்.

நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்ல? உன் கண்ணு உனக்கே பட்டுருச்சுடி."

பூனைக்கால் புது ஊசியின் உறையைப் பிரித்தாள்.

"கண்ணு பட்டு வரல, அண்ணி. முன்னாடியே இருந்திருக்கு, நான்தான் பாக்கல. கைய நீட்டுங்க."