பக்கம் திருப்பினால் செருமியவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரை ரகசியப் போலீஸ் என்றே நம்பினேன். துப்பறியும் நாவலாகத் தின்று கொழுத்த மூளை வேறு எதை நம்பும்?

கத்தரித்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, மடியில் குடை. கையிலிருந்த நாவலில் நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு செருமலுக்கும் நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பையில் சர்க்கார் தடை செய்த பாட்டுப் புத்தகம் இருந்தது.

யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் அடுப்புக்கரியில் ஓடியது. பாதி வழியில் கரி போட நிறுத்தினார்கள். டிரைவர் பஸ்ஸின் பின்னாலிருந்த அடுப்பைத் திறந்துவிட்டு மூட்டையை எடுக்கப் போன நேரம், நான் இறங்கிப் பாட்டுப் புத்தகத்தை நெருப்புக்குள் தள்ளிவிட்டேன்.

திரும்பி உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினேன். மறுபடியும் செருமல். கேட்காமலே வாக்குமூலம் கொடுத்தேன்.

"ஐயா, இந்த மாசம் நான் படிச்சது ரெண்டு கொலை நாவல், வாரப் பத்திரிகையில ஒரு தொடர்கதை, அம்புட்டுத்தான். ஒரு டாக்கிப் படத்த மூணு தடவ பாத்தேன், அதுவும் டான்ஸுக்காக. காப்பி கிளப்புல கிராமபோன் பிளேட்டு போட்டா கேப்பேன், காதல் பாட்டு மட்டும்."

"அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். நீங்க வெரசலாத் திருப்பிட்டுப் போறீக. சமையக்காரி பால்ல வெசம் வச்சாளா, இல்லையா? கொஞ்சம் பின்னால திருப்புங்க."

திருப்பினேன். ராஜபாளையம் வரும்வரை அவர் தலையாட்டிய பிறகே அடுத்த பக்கம் போனோம். அவர் யாரென்று கேட்க மட்டும் கடைசிவரை எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் என் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து எரித்துக்கொண்டு ஓடியது.