ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்

மருமகள் கட்டிலில் விரித்துப் போட்ட மூன்றையும் பார்த்தபோது, எனக்கு ஓடையில் கல் உருளுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. முதுகில் பையைப் போட்டுக்கொண்டு தோழிகளோடு மலையில் நடக்கப் போகிறாள். இடுப்புக்குக் கீழே நனையாமலிருக்க ஒரு கனத்த மழைப் பேண்ட், காகிதம்போல இன்னொரு பேண்ட், பாவாடை மாதிரி சுற்றிக் கட்டுகிற ஒன்று. “எதக் கொண்டு போவட்டும் அத்தே? கனம் இருக்கக் கூடாது” என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என்னிடம் யாரும் இப்படி யோசனை கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு மேலே மங்குஸ்தான் தோட்டத்திலிருந்து நானும் என் அண்ணன் பெண்டாட்டியான மதினியும் பழக்கூடை சுமந்து இறக்கினோம். பழம் பழுப்பதே சாரல் காலத்தில்தான். தலைக்கும் முதுகுக்கும் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வோம். இடுப்புக்குக் கீழேதான் பாடு. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டு அடி எடுத்து வைக்க விடாது. சில பெண்கள் தார்ப்பாயை வெட்டிக் கட்டினார்கள். மதினி அதைத் தொட மாட்டாள். “தலையில ஒரு பாரம் போதாதா, இடுப்புலயும் ஒண்ணா?” என்பாள். உரச்சாக்குக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, தூக்கிச் செருகிய சேலைக்கு மேல் சுற்றி, சணல் கயிற்றால் உருவு சுருக்குப் போடுவாள். நுனியை ஒரு இழு இழுத்தால் எல்லாம் கையோடு வந்துவிடும். எனக்கும் அப்படியே கட்டிவிட்டாள். ஒருநாள் காற்றில் என்னுடையது அவிழ்ந்து பறக்க, பின்னால் வந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து நான் கடுமுடிச்சுப் போட்டேன், முழங்காலிலும் ஒரு சுற்று. “ஏட்டி, ஒன்ன எவன் பாக்கப் போறான்? அத அவுத்துட்டுச் சுருக்குப் போடு” என்று மதினி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஏறும்போது ஓடையில் கணுக்கால் தண்ணீர். இறங்கும்போது செம்மண் நிறத்தில் சுள்ளியும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் கல் உருளுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஆண்கள் முன்னால் கடந்துவிட்டார்கள். நடுவில் போகையில் கீழிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து, பிளாஸ்டிக் உறை பானைபோல உப்பியது. இரண்டு காலும் ஒரே காலாகிவிட்டது. கூடை போயிற்று, முழங்கால் மடங்கிற்று. கொஞ்சம் கீழேதான் அருவி விழுகிற விளிம்பு. முடிச்சைப் பிடுங்குகிறேன், நனைந்த சணல் இன்னும் இறுகுகிறது. மதினி தன் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, ஒரு கையால் என் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தலையை விட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்தாள். அது அறுந்ததும் பிளாஸ்டிக் மட்டும் விளிம்பைத் தாண்டிப் போனது. கரையில் விழுந்ததும் நான் செய்த முதல் காரியம், சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டதுதான். மதினி உதட்டில் ரத்தத்தோடு பார்த்தாள். “வெக்கப்பட்டே சாவப் பாத்தியேட்டி” என்றாள். பிறகுதான் அழுதாள்.

மதினி இப்போது இல்லை. நான் பாவாடை மாதிரி இருந்ததைக் கையில் எடுத்தேன். எடையே இல்லை. இடுப்பு நாடாவில் இரண்டு கடுமுடிச்சு. “நழுவுது அத்தே, அதான் இறுக்கிட்டேன்” என்றாள் மருமகள். நகத்தால் நெடுநேரம் நெருடி அவிழ்த்தேன். அவள் இடுப்பில் சுருக்குப் போட்டு, “இழு” என்றேன். உருவிக்கொண்டு வந்தது. மறுபடி கட்டி, “இழு” என்றேன். “அத்தே, நாங்க போற எடத்துல ஆத்துக்குப் பாலம் இருக்கு” என்று சிரித்தாள். “இருக்கட்டும்மா. இழு.”

காலையில் போய்விட்டாள். தென்காசியில் வெயில் அடிக்கிறது, ஆனால் மலை தெரியவில்லை, மேகம் உட்கார்ந்திருக்கிறது. அவள் போன் எடுக்கவில்லை. சிக்னல் இருக்காது என்று மகன் சொல்கிறான். கட்டிலில் அவள் வேண்டாமென்று விட்டுப்போன இரண்டும் கிடக்கின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டுச் சணலில் சுருக்குப் போடுகிறேன், இழுக்கிறேன். அவிழ்கிறது. மறுபடியும் போடுகிறேன்.