சுவரில் மாட்டிய பர்மா நோட்டுகள்

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இகழ்ச்சியை மட்டும் மனிதருக்குப் பங்கிட வேண்டியிருக்கிறது. வாப்பா மௌத்தாகி ஓராண்டு நிறையும் இந்நாளில் அவருடைய நல்ல குணங்களைச் சொன்னால், அவற்றைக் கண்டு முகம் சுளித்தவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

வாப்பா பாலமுனையில் பிறந்து, உம்மாவை மணந்து கல்முனைக்குடிக்கு வந்தவர். வயலும் இல்லை, தோணியும் இல்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரராக உழைத்து இந்த வீட்டைக் கட்டினார். கறியில் உப்புக் கூடினால் கப்டன் முன்னாலேயே ஒப்புக்கொள்வார். பொய்க்கு மட்டும் தலையாட்ட மாட்டார்.

எண்பத்தேழில் அவர் ரங்கூன் துறைமுகத்தில் இருந்தபோது, அந்நாட்டு ஆட்சி பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. மாற்றித் தரவும் மறுத்தது. கப்பலுக்குக் கீரை கொடுக்கும் பெண், சேமிப்பெல்லாம் எழுபத்தைந்து கியாட் நோட்டுகளாக மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். வாப்பா அவருக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் வற்புறுத்தித் தந்த ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். முன்புறம் விடுதலைத் தளபதி, பின்புறம் ஆடும் கூத்துப் பொம்மை. அடுத்த பயணத்தில் புதிய தொண்ணூறு கியாட் நோட்டு கிடைத்தது. ஆள்பவருக்கு ஒன்பது ராசியாம், அதனால் தொண்ணூறு! அதில் வெள்ளையரை எதிர்த்துத் தூக்கிலேறிய விவசாயத் தலைவர். பின்புறம் மாடு பூட்டி உழுகிறவன்.

"உழுறவன்ட காசச் செல்லாதெண்டு போட்டு, உழுறவன்ட படத்தயே அடிச்சிரிக்கானுகள். வெக்கங்கெட்டவனுகள்" என்று சொல்லி, இரண்டையும் பின்புறம் தெரியக் கண்ணாடிப் பிரேமில் போட்டு முன்னறையில் மாட்டினார்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கடைசியில் பிரேமைப் பார்த்தார்.

"செல தொங்குற ஊட்டில எங்கட புள்ள எப்பிடித் தொழுற? முதல்ல இதக் கழட்டுங்க."

"அது செல இல்ல மரைக்கார். அந்த நாட்டுக் கூத்துப் பொம்ம."

"எதுவெண்டாலும் உருவம் உருவந்தான்."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். திரைக்குப் பின்னால் நின்ற என்னிடம் வாப்பா வந்தார். "ஊடு உன்ட, மகள். கழட்டவா?"

"ஓம்" என்றேன். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். என் புத்தி அவ்வளவுதான். வாப்பா பிரேமைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மரைக்காருக்கு ஒரே மகிழ்ச்சி. பெண் பார்த்த சந்தோசத்துக்கென்று என்னைத் திரைக்கு வெளியே கூப்பிட்டு ஒரு நோட்டைக் கையில் வைத்தார். அதில் எங்கள் நாட்டு அரசாங்கச் சிங்கம் வாளோடு நின்றது.

"இதிலயும் உருவம் நிக்கிது மாமா. தொழப் போகக்குள்ள சேட்டுப் பொக்கட்டில இரிக்கிறத எறிஞ்சிட்டா போறீங்க?"

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே பிரேமை எடுத்து ஆணியில் மாட்டினேன். "ஊடு என்ட" என்றேன்.

சம்பந்தம் முறிந்தது. எனக்கு வாயாடிப் பட்டம் கிடைத்தது. ஆனாலும் அந்த 'ஓம்' என் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது. கடைசிக் காய்ச்சலில் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீதானே மகள் திரும்ப மாட்டின" என்றார்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், மூன்று நாளும் சோறு அனுப்பிய அயல்வீட்டாருக்கும் எங்கள் நன்றி. மரைக்காருக்கும் நன்றி, அவர் மருமகன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வராததற்கு. பிரேம் அதே ஆணியில்தான் இருக்கிறது. இனி என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் கீழேதான் நாற்காலி போடுவேன்.