சாஸ்தாவுக்கு வாங்கிய தேங்காய்

மலை ஏறுவது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆனாலும் அறுபதுகளின் நடுவில் ஒரு ஹோலிக்கு மூன்று நாள் மலையில் நடந்தேன். அந்த மூன்று நாளைத் திருப்பித் தருவதாக எவனாவது சொன்னால் இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பரவாயில்லை.

கூட நடந்தவன் என் சிநேகிதன். நானும் அவனும் தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிக்குத் தெற்கே பக்கத்துப் பக்கத்து ஊர். ஒரே கோலியில் ஒன்பது பேர் தங்கியிருந்தோம். கோலி என்றால் ஒற்றை அறை, அவ்வளவுதான். அவன் பாய்க்கும் என் பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது. அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பெண்டாட்டியோடு இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நாள். தனியாக ஒரு கோலி கிடைத்தால் அவளைக் கூட்டி வரலாம். கிடைக்கவில்லை. அவள் போடும் கடிதத்தை ஒன்பது பேர் நடுவில் எப்படிப் படிப்பது? சயான் ஸ்டேஷன் பாலத்தில் நின்று படிப்பான். நான் பக்கத்தில் நின்று ரயில் பார்ப்பேன்.

அந்த வருஷம் ஹோலியும் பங்குனி உத்திரமும் அடுத்தடுத்து வந்தன. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் குலசாமியான அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். அவன் மூன்று வருஷமாகப் போகவில்லை. ஊருக்குப் போய் வருகிற அளவுக்கு லீவு எவன் கொடுப்பான்? ஹோலிக்கு இரண்டு நாள், ஞாயிறு ஒரு நாள், பட்டறை மூடுவதோடு சரி.

"கசாரா தாண்டி ஒரு மலை பாத்தேம்லே" என்றான். பட்டறைச் சாமானோடு நாசிக் போய் வந்தபோது ரயிலிலிருந்து பார்த்திருக்கிறான். "அங்க போயி சாஸ்தாட்ட ஒரு கோலி கேட்டுட்டு வருவோம்."

"அங்க எவம்லே ஒனக்கு சாஸ்தாவ வச்சிருக்கான்? அது மராட்டிக்காரன் மலை."

"மலை இருக்கு, காடு இருக்கு. அவரு இல்லாமலா இருப்பாரு?"

"இருந்தாலும் தமிழ் தெரியணும்லா."

"ஒனக்கே இந்தி வந்துட்டு. அவருக்குத் தமிழ் வராதா?"

மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் வாங்கினான். பத்துப் பதினைந்து காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தேங்கா வாங்கறேளா, கச்சேரி கேக்கறேளா?" என்றார். கடைசியில் குடுமி கலையாத, நீர் நிறைந்த ஒன்றை எடுத்தான். பாவ் ரொட்டியும் அவலும் இருந்த பையில் அதைப் போட மாட்டேன் என்றான். துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

கசாராவில் இறங்கியபோது மலை பக்கத்தில்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் என்றான். முதல் நாள் முழுக்க நடந்தோம். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பேரைக் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஒரு குக்கிராமத்தில் ஒரு பெண் பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அங்கேயே அனுமார் கோயில் வாசலில் படுத்தோம்.

வழியெல்லாம் அவன் பேசினான். பாம்பே வந்த நாளிலிருந்து அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒன்பது பேர் நடுவில் எதைப் பேசுவது? அவளுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் தோள்தான் குலுங்குமாம், சத்தம் அப்புறம்தான் வருமாம். கோலி கிடைத்ததும் இந்த மூலையில் அடுப்பு, அந்தச் சுவரில் கண்ணாடி, ஜன்னல் இருந்தால் ஜன்னலடியில் பாய். எல்லாவற்றையும் வைத்துவிட்டான். நானும் உம் கொட்டிக்கொண்டே நடந்தேன். அந்தக் கோலியில் எனக்கு இடமில்லை என்பது பாதி மலையில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள் காலையில் தண்ணீரைத் தீர்த்தது நான்தான். எங்களிடம் இருந்தது பட்டாளத்துப் பழைய தண்ணீர்க் குப்பி ஒன்று. மேலே ஓடை தெரிகிறதே என்று மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஓடையில் கல்தான் கிடந்தது. பங்குனி வெயில். மதியத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தேங்காய ஒடைலே" என்றேன்.

"சாஸ்தாவுக்குள்ளது."

"நா செத்தா சாஸ்தா வந்து தூக்குவாரா?"

"செத்த நேரம் இரி. கீழ பள்ளத்துல பச்சையா தெரியுது. பாத்துட்டு வாரேன்." இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்துத் தேங்காயோடு என் பக்கத்தில் வைத்தான். குப்பியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். "பத்திரம்லே" என்றான்.

நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துப் பாறையில் ஓங்கி அடித்தேன். ஒரு மூடி சில்லுச் சில்லாகத் தெறித்தது. மற்றதில் நின்ற நீரைக் குடித்தேன். பாதி சட்டையில் போயிற்று. தாகத்தில் செய்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவன் கேட்கப்போவது கிடைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். சாமி கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அந்த ஒரு நிமிஷம் சாமி இருக்கும் என்று பயந்துதான் அதை உடைத்தேன்.

அவன் வந்தான். குப்பியில் முக்கால்வாசி தண்ணீர். கலங்கல், அதைத் தன் சட்டை முனையில் வடிகட்டிக் கொண்டுவந்திருந்தான். முழங்காலில் ரத்தம். உடைந்து கிடந்ததைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டலாம், கணக்கு நேராகிவிடும். அவன் குப்பியை என்னிடம் நீட்டினான்.

"இதயும் குடி. தேங்கா தண்ணி தாகத்துக்குக் காணாது."

குனிந்து கண்ணுள்ள மூடியை மட்டும் எடுத்தான். குடுமி அப்படியே இருந்தது. மண்ணை ஊதித் தட்டித் துண்டில் சுற்றினான். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அவன் பேசவில்லை. பேசுவான் பேசுவான் என்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை உச்சிக்குப் போனோம். கோயில் இல்லை. இடிந்த சுவர் ஒன்று, பாசி பிடித்த தொட்டி ஒன்று, செந்தூரம் பூசிய கல் ஒன்று. யார் சாமியோ. அவன் அந்த அரை மூடியைக் கல்லின் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். காற்று வேட்டியைப் பிய்த்தது. கீழே தண்டவாளமும் அதில் ஒரு ரயிலும் தெரிந்தன. நான் அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இவ்வளவு நேரம் என்னலே கேட்ட?"

"ரெண்டு கோலி கேட்டேன்."

"ரெண்டு எதுக்கு? மாமனாரையும் கூட்டியாரப் போறியா?"

"அடுத்தடுத்து ரெண்டு. ஒண்ணு ஒனக்கு. இல்லாட்டி நீ எங்கலே போவ, கூறுகெட்ட மூதி?"

எனக்கு அவனை ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. விடவில்லை. இறங்கும்போது மறுபடியும் பேச ஆரம்பித்தான். அடுப்பு, கண்ணாடி, பாய். இந்தத் தடவை நடுச்சுவரில் ஒரு ஓட்டையும் போட்டான். குழம்பு ஊற்றித் தருவதற்காம். சாயங்காலம் கசாராவில் ரயிலைப் பிடித்தோம். தாணே வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

ஒன்றரை வருஷம் கழித்து அவனுக்கு விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலையும், பக்கத்தில் வரிசையாகக் கோலிகள் உள்ள ஒரு சாலில் ஒரு கோலியும் கிடைத்தன. ஒரே ஒரு கோலி. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலமே அந்த இடத்தில் வேறொருவன் பாயை விரித்துவிட்டான். அந்தப் புதியவனோடு நான் சண்டை போட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? பாதித் தேங்காய்க்குப் பாதிதான் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது. நம்பாதவனுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது. தோன்றியது, இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த ஹோலிக்கு மாட்டுங்கா போய், அதே கடையில் காதோரம் ஆட்டி ஆட்டி ஒரு தேங்காய் வாங்கினேன். குடுமி கலையாதது. மறுபடி போவோம் வா, மிச்சத்தையும் கொடுத்துவிட்டு வருவோம் என்று அவனைக் கூப்பிட விக்ரோலிக்குப் போனேன். ஜன்னலடியில் பாய் இருந்தது. சுவரில் கண்ணாடி இருந்தது. அவன் குளிக்கப் போயிருந்தான். ஊரிலிருந்து வந்துவிட்ட அவன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, இதெல்லாம் எதுக்கு?" என்று தேங்காயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் குடுமியைப் பிய்த்து, அரிவாளைத் திருப்பி ஒரே தட்டில் உடைத்துவிட்டாள். "நல்ல காயி" என்றாள்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். முறத்தில் கிடந்த குடுமியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"எப்பம்லே போலாம்னு வந்த?"

"இன்னிக்கி ரயிலுக்கு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் அங்கே பார்த்துக்கொண்டே, "அடுத்த வருசம் கட்டாயம் போவம்லே" என்றான்.

"எதுக்குச் சிரிக்காம மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிய ரெண்டு பேரும்? எங்க போணும்?" என்றாள் அவள்.

"ஒரு எடத்துக்கும் இல்ல" என்றேன். "இவன் மலையேறுத லெச்சணத்தச் சொல்லட்டுமா? ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு ரெண்டு நாள் நடக்க விட்டான்."

அவளுக்குத் தோள் குலுங்கியது. சத்தம் அப்புறம்தான் வந்தது. தோசைக்குச் சட்னி அரைத்தாள். நான் ஆறு தோசை தின்றேன்.